ஒரு புள்ளிக் கவசம்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினிப் போர் ஆட்டத்தை ஆடுகிறவர்களிடம், குதிரைப்படை வந்தால் எதை அனுப்புவது என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பைக்மேன். நீண்ட ஈட்டி ஏந்திய காலாள் அது. பதில் சரிதான். ஆனால் நைட் எனப்படும் குதிரை வீரர் ஒருவரையும் ஒரு பைக்மேனையும் சமதரையில் ஒண்டிக்கு ஒண்டி மோதவிட்டால் செத்து விழுவது பைக்மேன்!

கணக்கைப் பார்ப்போம். எந்த மேம்பாடும் வாங்காத நைட்டுக்கு ஹெச்.பி. எனப்படும் உயிர்ப்புள்ளி 100, தாக்குதல் 10, கவசம் 2. பைக்மேனுக்கு ஹெச்.பி. 55, தாக்குதல் 4, கவசம் பூஜ்யம். குதிரை மேல் வருபவர்களைக் குத்தினால் மட்டும் பைக்மேனுக்குக் கூடுதலாக 22 கிடைக்கும். நைட்டின் ஒவ்வொரு வெட்டும் 10 புள்ளியை எடுக்கிறது. ஆறாவது வெட்டில் பைக்மேன் காலி. பைக்மேனின் ஒவ்வொரு குத்தும் 4-இல் 2 போக மிச்சம் 2, அத்துடன் 22, ஆக 24. ஐந்தாவது குத்தில் நைட் காலி. ஐந்து ஆறைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் நைட் 1.8 வினாடிக்கு ஒருமுறை வெட்டுகிறது, பைக்மேன் சுமார் 3 வினாடிக்கு ஒருமுறைதான் குத்துகிறது. ஆறு வெட்டுக்கு ஏறக்குறைய 11 வினாடி, ஐந்து குத்துக்கு 15 வினாடி. நைட் பிழைத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் பைக்மேன்தான் பதில் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? இந்த முரணைப் பிரித்துப் பார்த்தால், ஒரு சோதனையை எப்படி வடிவமைப்பது என்ற பெரிய விஷயம் உள்ளே இருப்பது தெரியும். ஆய்வகம் வேண்டாம், உபகரணம் வேண்டாம். ஒரு பழைய கணினி போதும். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் இயங்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்த ஆட்டம் 1999-இல் வெளிவந்தது. 2019-இல் ‘டெஃபினிட்டிவ் எடிஷன்’ என்ற புதுப்பிப்பு வந்தது. அன்றுமுதல் இன்றுவரை இதில் கவசத்தின் அடிப்படை விதி ஒன்றுதான்: கழித்தல்.

தாக்குதலிலிருந்து கவசத்தைக் கழி. மிச்சம்தான் சேதம். மிச்சம் எவ்வளவு குறைந்தாலும் ஓர் அடிக்கு 1 புள்ளியாவது போகும். விதி இவ்வளவுதான். ஆனால் கவசம் ஒன்றல்ல. வாள், ஈட்டி போன்ற நெருங்கி அடிக்கும் ஆயுதங்களுக்கு ஒரு கவசம். அம்பு போல் பறந்து வருபவற்றுக்கு இன்னொரு கவசம். ஒரு யூனிட்டை, அதாவது படையாளையோ கருவியையோ, சொடுக்கினால் 2/2, 0/3 என்று தெரிகிற இரட்டை எண் இதுதான். இவற்றுக்கு அடியில், திரையில் வெளிப்படையாகத் தெரியாத வகைப்பாடுகள் பல உண்டு. குதிரை, வில்லாளி, கட்டடம், முற்றுகைக் கருவி என்று ஒவ்வொரு யூனிட்டுக்கும் முத்திரை குத்தப்பட்டிருக்கும். பைக்மேனின் 22 என்பது ‘குதிரை’ முத்திரை உள்ளவர்கள் மேல் மட்டும் பாயும் தனித் தாக்குதல். நைட்டிடம் அந்த வகைக்கான கவசம் பூஜ்யம் என்பதால் 22-உம் முழுசாக இறங்குகிறது. பைசாந்தியர்களின் கேட்டாஃப்ராக்ட் குதிரை வீரரிடமோ அதே வகையில் 12 புள்ளிக் கவசம் இருக்கிறது. எனவே 22-இல் 10தான் இறங்கும். பார்வைக்கு இரண்டுமே இரும்பு போர்த்திய குதிரைகள். வித்தியாசம் மறைந்திருக்கும் ஓர் எண்ணில்.

கழித்தல் விதியின் குணம் என்னவென்றால், அது ஏழையைத்தான் அதிகம் அடிக்கும். வங்கி, ஏ.டி.எம்.மில் நூறு ரூபாய் எடுத்தாலும் பத்தாயிரம் எடுத்தாலும் ஒரே கட்டணம் பிடிப்பதைப் போல. இருபது புள்ளித் தாக்குதல் உள்ளவனுக்கு எதிரியின் 3 புள்ளிக் கவசம் ஒரு பொருட்டே இல்லை. நான்கு புள்ளித் தாக்குதல் உள்ள வில்லாளிக்கு அதே 3 பெரும் சுவர்.

இந்த வில்லாளியிடமே கொஞ்ச நேரம் நிற்போம். தாக்குதல் 4. ‘ஃப்ளெட்சிங்’ என்ற மேம்பாட்டை வாங்கினால் தாக்குதல் ஒரு புள்ளி கூடி 5 ஆகிறது. அம்பு பாயும் தூரமும் கூடும், அதை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். இந்த ஒரு புள்ளி எவ்வளவு பெறும்? கவசமே இல்லாத கிராமவாசி மீது 4 என்பது 5 ஆகிறது: 25 சதவீத லாபம். அம்புக்கு 2 புள்ளிக் கவசம் உள்ள ஸ்கவுட் குதிரை மீது 2 என்பது 3 ஆகிறது: 50 சதவீதம். ஸ்கவுட்டின் 45 ஹெச்.பி.யைத் தீர்க்க முன்பு 23 அம்பு வேண்டியிருந்தது, இப்போது 15 போதும். 3 புள்ளிக் கவசம் உள்ள ஸ்கர்மிஷர் என்ற எறியீட்டிக்காரன் மீது 1 என்பது 2 ஆகிறது: 100 சதவீதம், 30 அம்பு 15 ஆகச் சுருங்குகிறது. கோட்டைக் கதவை இடிக்கும் பேட்டரிங் ராம் மீது? அதற்கு அம்புக் கவசம் 180. முன்பும் 1தான், இப்போதும் 1தான். லாபம் பூஜ்யம்.

ஒரே மேம்பாடு, ஒரே விலை. 25, 50, 100, 0 என்று நான்கு விடைகள். ஃப்ளெட்சிங் எவ்வளவு நல்லது என்ற கேள்விக்கு, யார் மேல் எய்யப் போகிறாய் என்று தெரியாமல் விடையே கிடையாது. யூனிட்களைத் தரவரிசைப்படுத்தி, இதுதான் பெஸ்ட், அது வேஸ்ட் என்று அடித்துச் சொல்லும் பட்டியல்கள் மீது எனக்கு மரியாதை போனது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான்.

அதே ராமுக்கு வாள் போன்றவற்றுக்கான கவசம் மைனஸ் 3. கழித்தலில் மைனஸைக் கழித்தால் கூடும் அல்லவா? பத்து புள்ளி நைட்டின் வெட்டு அதன் மேல் 13 ஆகிறது. ராமின் 175 ஹெச்.பி. 14 வெட்டில் முடிகிறது. வில்லாளிகளுக்கோ 175 அம்பு வேண்டும். அம்பு மழையை அலட்சியமாக வாங்கிக்கொண்டு உருண்டு வரும் அந்த மரப்பெட்டியை நான்கு குதிரைகள் வந்து பிளந்துபோடும் காட்சிக்கு, இந்த இரண்டு எண்களைத் தவிர வேறு காரணம் இல்லை.

எல்லா ஆட்டங்களும் கழித்தலை நம்புவதில்லை. 2002-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’-இல் கவசம் சதவீதத்தில் வேலை செய்கிறது. ஒவ்வொரு புள்ளிக் கவசமும் யூனிட்டின் ஆயுளை, அதன் அசல் ஹெச்.பி.யில் 6 சதவீதம் நீட்டிப்பதற்குச் சமம். பத்து புள்ளிக் கவசம் என்றால் 60 சதவீதம் கூடுதல் ஆயுள். வந்து விழும் சேதத்தில் 37.5 சதவீதம் வெட்டு. அடி பெரிதோ சிறிதோ, வெட்டு விகிதம் ஒன்றே. 1998-இன் ‘ஸ்டார்கிராஃப்ட்’ கழித்தலையும் சதவீதத்தையும் கலந்து பயன்படுத்தியது. அதில் ஸீலட் என்ற வீரர் ஒரே வீச்சில் 8, 8 என்று இரண்டு முறை அடிப்பார். எதிரி ஸெர்க்லிங்குக்கு ஹெச்.பி. 35. இரண்டு வீச்சில் 32, மூன்று புள்ளி போதாமல் மூன்றாவது வீச்சு வீணாகும். ஆயுதத்தை ஒரு படி உயர்த்தினால் 9, 9. இரண்டு வீச்சில் 36, வேலை முடிந்தது. ஸெர்க்லிங் பதிலுக்குத் தன் கவசத்தை ஒரு புள்ளி உயர்த்தினால், அது இரண்டு அடியிலும் தனித்தனியே கழிந்து மறுபடியும் மூன்று வீச்சு. ஒற்றைப் புள்ளிக்கு இப்படி அடித்துக்கொள்வது அந்த ஆட்டத்தின் தொழில்முறை வீரர்களுக்கு மனப்பாடம்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் தலைகாட்டுகிறது. சேதம் புள்ளிகளில் அளக்கப்படுகிறது; சாவு அடிகளின் எண்ணிக்கையில் நடக்கிறது. எண்ணிக்கை முழு எண். 4.17 அடியில் யாரும் சாவதில்லை, ஐந்தாவது அடியில்தான் சாகிறார்கள். ஆகவே தாக்குதலையோ கவசத்தையோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் நெடுநேரம் எதுவுமே மாறாது. திடீரென்று ஒரு இடத்தில் ஒரு படி இறங்கும். சரிவுப் பாதை கிடையாது, படிக்கட்டுதான்.

படிக்கட்டின் மேல் இரண்டு மேம்பாடுகள் சந்தித்தால் என்ன ஆகும்? மறுபடியும் நைட்டையும் பைக்மேனையும் எடுத்துக்கொள்வோம். நைட்டுக்கு இரண்டு பாதுகாப்புகளை வாங்கலாம். ‘பிளட்லைன்ஸ்’ ஹெச்.பி.யை 20 கூட்டி 120 ஆக்கும். ‘ஸ்கேல் பார்டிங் ஆர்மர்’ கவசத்தில் ஒரு புள்ளி சேர்க்கும். பைக்மேனுக்கு எதிராக இவற்றில் எது உதவும்?

ஒவ்வொன்றாகச் சோதிப்பதுதான் முறை என்று பள்ளியிலிருந்தே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். செய்வோம். எதுவுமில்லாத நைட் ஐந்து குத்தில் சாகிறது. பிளட்லைன்ஸ் மட்டும் வாங்கினால், 24 புள்ளி வீதம் ஐந்து குத்துக்குச் சரியாக 120. ஐந்தாவது குத்திலேயே சாவு, ஒரு நொடிகூடக் கூடவில்லை. கவசம் மட்டும் வாங்கினால் ஒரு குத்துக்கு 23. நான்கு குத்தில் 92, ஐந்தாவதில் சாவு. இதுவும் பயனில்லை. ஆக, பைக்மேனிடமிருந்து தப்பிக்க இரண்டுமே உதவாது என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

இரண்டையும் சேர்த்து வாங்கிப் பாருங்கள். ஹெச்.பி. 120, குத்துக்கு 23. ஐந்து குத்தில் 115தான் போகிறது. நைட் ஐந்து புள்ளி உயிரோடு நின்றுகொண்டிருக்கிறது. ஆறாவது குத்து தேவை! தனித்தனியே பூஜ்யமாக இருந்த இரண்டு காரணிகள் சேர்ந்ததும் ஒரு முழுக் குத்தை, அதாவது மூன்று வினாடி ஆயுளை, சம்பாதித்துக் கொடுத்திருக்கின்றன.

இதோடு நின்றிருந்தால், சேர்ந்தால்தான் பலன் என்று விதி வகுத்துவிடலாம். எதிராளியும் சும்மா இருக்கமாட்டார் அல்லவா? அவர் பைக்மேனுக்கு ‘ஃபோர்ஜிங்’ வாங்குகிறார்; தாக்குதல் ஒரு புள்ளி கூடுகிறது. இப்போது வெறும் நைட் மீது குத்துக்கு 25. நான்கே குத்தில் 100, சாவு. பிளட்லைன்ஸ் மட்டும் இருந்தால் ஐந்து குத்து. கவசம் மட்டும் இருந்தாலும், குத்துக்கு 24 என்பதால் ஐந்து. இரண்டும் இருந்தால்? 24 வீதம் ஐந்து குத்துக்கு 120, அதுவும் ஐந்துதான். முந்தைய கணக்கில் இரண்டும் சேர்ந்தால்தான் பலன். இந்தக் கணக்கில் ஏதாவது ஒன்று போதும், இரண்டாவது வீண்செலவு. எதிராளியின் ஒரே ஒரு புள்ளி, விடையைத் தலைகீழாக்கிவிட்டது.

புள்ளியியலில் இதற்கு இடைவினை என்று பெயர். இதை ஆய்வு உலகின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் ரொனால்ட் ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 1843 முதல் கோதுமை வயல்களில் உர ஆய்வுகள் நடந்துவந்தன. பல்லாண்டு விளைச்சல் கணக்குகள் குவிந்து கிடந்தன. ஒரு சமயத்தில் ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அசையாமல் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய பால பாடம். ஃபிஷர் அதை மறுத்தார். தழைச்சத்தை இட்டும் இடாமலும், மணிச்சத்தை இட்டும் இடாமலும், ஆக நான்கு பாத்திகளையும் ஒரே சோதனையில் சேர்க்க வேண்டும் என்றார். அப்போதுதான் ஒரு சத்தின் பலன் மற்றதைப் பொறுத்து மாறுகிறதா என்பது தெரியும். காரணிச் சோதனை என்ற இந்த முறை 1935-இல் வெளியான அவருடைய ‘தி டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ்’ நூல் வழியாக வேளாண்மையைத் தாண்டி எல்லாத் துறைகளுக்கும் பரவியது. வயலில் ஒரு விடைக்கு ஒரு பருவம் காத்திருக்க வேண்டும். நைட்டையும் பைக்மேனையும் வைத்து நாம் மேலே செய்த எட்டுக் கூட்டுச் சோதனையை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். ஃபிஷரைப் புரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கணக்கே எல்லாம் சொல்லிவிடுகிறதே, பிறகு சோதனை எதற்கு என்று கேட்கலாம். ஒண்டிக்கு ஒண்டி மோதலில் கணக்கு போதும். கூட்டம் சேர்ந்ததும் கணக்குத் திணறும். அங்கேதான் தொடக்கத்தில் விட்டுவந்த முரணும் அவிழ்கிறது.

ஒரு நைட்டின் விலை 60 உணவு, 75 தங்கம், ஆக 135. ஒரு பைக்மேனுக்கு 35 உணவு, 25 மரம், ஆக 60. தங்கம் தீர்ந்துபோகும் சரக்கு, மரத்தைவிட அருமையானது. அதைக் கணக்கில் சேர்க்காமல் வெறும் கூட்டலாக எடுத்தாலும், நான்கு நைட்டின் விலையான 540-க்கு ஒன்பது பைக்மேன் கிடைக்கும். நியாயமான மோதல் ஒன்றுக்கு ஒன்று அல்ல, நான்குக்கு ஒன்பது. சமமான எண்ணிக்கையா, சமமான செலவா என்று முதலில் முடிவு செய்யாத சோதனை எதையும் சோதிப்பதில்லை. விளையாட்டு விவாதங்களில் பாதிச் சண்டை இதைத் தெளிவாக்காததால்தான் வருகிறது.

நான்குக்கு ஒன்பதை முன்கூட்டியே கணிக்க ஒரு பழைய கருவி இருக்கிறது. ஃபிரெடரிக் லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், தம் பெயரிலேயே கார் தயாரித்தவர், 1916-இல் வெளியிட்ட ‘ஏர்கிராஃப்ட் இன் வார்ஃபேர்’ நூலில் போர்களுக்கு இரண்டு சமன்பாடுகளை முன்வைத்தார். ரஷ்யாவில் ஓசிப்போவ் என்பவரும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே பாதையில் போயிருந்தார். ஒருவரை ஒருவர் மட்டுமே எதிர்கொள்ள முடிகிற போரில் படையின் பலம் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் இருக்கும். துப்பாக்கிச் சண்டை போல, எல்லோரும் ஒரே சமயத்தில் எதிரிகளில் யாரையும் குறிவைக்க முடிந்தால், பலம் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப எகிறும். சமமான திறமையுள்ள 10 பேரும் 8 பேரும் அப்படி மோதினால் பத்துப் பேரில் மிஞ்சுவது 2 பேர் அல்ல; நூறிலிருந்து அறுபத்துநான்கு போக மிச்சமுள்ள 36-இன் வர்க்கமூலம், 6 பேர்.

நம் மோதலை முதல் விதியில் போட்டால், ஒரு நைட் சாகுமுன் சராசரியாக 1.4 பைக்மேனைக் கொல்லும். நான்கு நைட்டும் விழும்போது மூன்று சொச்சம் பைக்மேன்கள் மிஞ்சுவார்கள். வர்க்க விதியில் போட்டால் ஏறக்குறைய எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். எப்படிப் பார்த்தாலும் வெற்றி ஈட்டிக்குத்தான். எவ்வளவு பெரிய வெற்றி என்பதில்தான் இழுபறி. நெருங்கி அடிக்கும் யூனிட்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க முடியாது. ஒரு நைட்டைச் சுற்றி எத்தனை பேர் நிற்க இடம் இருக்கிறது, பின்வரிசைக்காரன் சுற்றி வர எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பதைப் பொறுத்து உண்மை இரண்டுக்கும் நடுவே எங்கோ விழும். அந்த இடத்தை எந்தச் சமன்பாடும் கொடுக்காது. மோதவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மோதவிடும் மேடை ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது: சினாரியோ எடிட்டர். வெறும் புல்தரையை விரித்து, இரு பக்கமும் படைகளை நிறுத்தி, மனிதக் கை படாமல் மோதவைக்கலாம். கவனிக்க வேண்டியவை சில உண்டு. தரை சமமாக இருக்கட்டும். மேட்டில் நிற்பவன் கால்பங்கு கூடுதலாக அடிப்பான், பள்ளத்தில் இருப்பவன் கால்பங்கு குறைவாக. நாடுகளின் தனிச்சலுகைகள் எண்களில் சத்தமில்லாமல் நுழைந்துவிடும், அவற்றை அணைத்துவிட வேண்டும். வில்லாளிகளைச் சோதிப்பதானால் ஒரே முறை ஆடி முடிவு சொல்லக்கூடாது. மேம்பாடு வாங்காத வில்லாளியின் குறி 80 சதவீதம்தான் துல்லியம். தவறிய அம்பு பக்கத்தில் நிற்பவன் மேல் படவும் கூடும். கூட்டமாக எய்யும்போது இன்னொரு விரயமும் உண்டு. ஏழு அம்பில் சாகிற கிராமவாசி மேல் 25 பேரும் ஒரே சமயத்தில் எய்தால் 18 அம்பு செத்த பாம்பை அடித்ததுதான். ஆகவே பலமுறை ஆட வேண்டும், இடமும் வலமும் மாற்றி ஆட வேண்டும், மிஞ்சியவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் எழுதிவைக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் கவசச் சோதனைக்கென்றே செய்ததுபோல் ஒரு கருவி வந்தது, அதுவும் நம்மூர்ப் பெயரில். 2022 ஏப்ரலில் வெளியான ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கத்தில் திராவிடர்கள் என்ற புதிய நாகரிகமும், ராஜேந்திர சோழனின் படையெடுப்புக் கதையும் சேர்க்கப்பட்டன. திராவிடர்களுக்கு மட்டுமே உரிய மேம்பாடுகளில் ஒன்று ‘வூட்ஸ் ஸ்டீல்’. தென்னிந்தியா மூசைகளில் உருக்கி உலகுக்கு அனுப்பிய அதே உயர்வகை எஃகு. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆட்டத்தில் அதன் வேலை, வெளிவந்தபோது சொல்லப்பட்டபடி, இதுதான்: காலாட்படையும் குதிரைப்படையும் எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் அடிக்கும்.

ஒரு மரபணு என்ன வேலை செய்கிறது என்று அறிய, அதை மட்டும் செயலிழக்கச் செய்த எலியை வளர்த்துப் பார்ப்பது உயிரியலில் வழக்கம். கவசம் என்ற காரணியை மட்டும் அப்படி அணைத்துவிட்டு அதே மோதலை மறுபடி நடத்த வூட்ஸ் ஸ்டீல் வழிசெய்கிறது. எலீட் டியூட்டானிக் நைட் என்ற காலாளுக்கு ஹெச்.பி. 100, வாளுக்கு எதிரான கவசம் 10. தாக்குதல் 12 உள்ள காலாள் அதைச் சாய்க்க 50 அடி வேண்டும். கவசத்தை அணைத்தால் 9 அடி. கவசமில்லாத கிராமவாசி மீது அதே மேம்பாடு எதையும் மாற்றாது. இந்த இரண்டு விடைகளின் வித்தியாசம்தான் கவசத்தின் பங்களிப்பு, அப்பட்டமாக.

பேட்டரிங் ராமின் மைனஸ் 3 கவசத்தையும் அந்த எஃகு பொருட்படுத்தாதா என்பதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தாக்குதல் 12 உள்ள ஒரு திராவிடக் காலாளையும் ஆள் ஏற்றாத ஒரு ராமையும் எடிட்டரில் நிறுத்துங்கள். மைனஸ் 3 வேலை செய்தால் ராம் 12-ஆவது அடியில் உடையும். செய்யாவிட்டால் 15-ஆவது அடியில். எண்ணை எழுதும்போது ஆட்டத்தின் பதிப்பு எண்ணையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். இந்த ஆட்டத்துக்கு இன்றும் அப்டேட் வந்துகொண்டிருக்கிறது, யூனிட்களின் எண்களும் அவற்றோடு மாறுகின்றன.